ஆர்டிஸ் ஹாகனின் ஐந்து நாள் சமையல்

ஆர்டிஸ் ஹாகன் கோபம் வந்தால் கத்த மாட்டாள். மினசோட்டாவில் நார்டால் பக்கம் யாருமே கத்துவதில்லை. ஒருவரை ஒருவர் வெட்டிப் போடலாம் என்று தோன்றும்போதும், "காத்து இன்னிக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கு, இல்ல?" என்றுதான் பேச்சை எடுப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஆர்டிஸ் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து நேரடியாக ஒரு வாக்கியம் சொன்னாள். அதை அந்தச் சுற்றுவட்டாரம் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நான் அவள் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்தது ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்க்கின் பின்னால் இருந்த இரண்டு அறையில். அப்பா பங்க்கில், அம்மா நெடுஞ்சாலை ஓரத்துக் காப்பிக் கடையில். ராத்திரிச் சாப்பாடு என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. பசித்தவர்கள் டின்னைத் திறந்து, கரண்டியை உள்ளே விட்டு, நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போவார்கள். பள்ளித் தோழி ஒருத்தி வீட்டுக்கு ஒருநாள் போனபோது, ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஜெபம் சொல்லி, ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொள்வதைப் பார்த்தாள். குடும்பம் என்றால் இதுதான் என்று அன்றைக்கே அவள் மனதில் பதிந்துவிட்டது. தனக்கென்று ஒரு வீடு வந்தால் ஆறு மணிக்கு மேசையில் தன் கையால் சமைத்தது இருக்கும், தன் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அவ்வளவுதான். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

பத்தொன்பது வயதில் வெண்டல் ஹாகனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதன். பன்றி வளர்ப்பான், சோளம் போடுவான், வாய் பேச மாட்டான். வாய் பேசாத புருஷன் கிடைத்தது கொடுப்பினை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். வெண்டலோடு சேர்ந்து இலவசமாக வந்தவள் அவனுடைய அக்கா லோர்னா.

லோர்னா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சரளைக்கல் ரோட்டுக்கு அந்தப் பக்கம், அப்பா விட்டுப்போன பழைய வீட்டில் தனியாக இருந்தாள். லுத்தரன் சர்ச்சின் சமையலறை அவள் ராஜ்ஜியம். யார் வீட்டில் இழவு விழுந்தாலும், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், எந்த வீட்டுக்கு எந்த நாளில் யார் ஹாட்டிஷ் கொண்டுபோவது என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். கறி, காய், டின் சூப் எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி, மேலே சீஸைத் தூவி, ஓவனில் வேகவைத்தால் ஹாட்டிஷ். அந்த ஊரில் மனிதர்கள் பிறப்பதும் சாவதும் அதன் நடுவில்தான். பாத்திரத்தின் அடியில் வெள்ளை டேப்பில் சொந்தக்காரி பெயர் ஒட்டியிருக்கும். சாப்பிட்ட வீடு அதைக் கழுவித் திருப்பித் தர வேண்டும். வெறும் பாத்திரமாக மட்டும் தரக்கூடாது. ஒரு துண்டு கேக்காவது உள்ளே இருக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஆர்டிஸ் முதன்முதலாகச் செய்த ஹாட்டிஷை லோர்னா ஒரு வாய் வைத்தாள். மெதுவாக மென்றாள். தண்ணீர் குடித்தாள்.

"வித்தியாசமா இருக்கு," என்றாள்.

அந்த ஊரில் ஒருத்தி சமைத்ததைப் பற்றி இதைவிட மோசமாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆர்டிஸ் அன்று முழுக்கப் பாத்திரம் தேய்த்தாள்.

மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ரெனே, டேரின், கடைக்குட்டி மிட்ச். பதினாலு வருஷம் ஆறு மணிச் சாப்பாடு ஒருநாள் தவறவில்லை. பிறகு எண்பதுகளின் நடுவில் பன்றி விலையும் சோள விலையும் சேர்ந்து படுத்துக்கொண்டன. அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் ஏலக்காரன் குரல் கேட்க ஆரம்பித்தது. யாராவது ஒருவர் வெளியே சம்பாதித்தால்தான் தாக்குப்பிடிக்கலாம் என்ற நிலைமை. ஆர்டிஸ் வான்கோழி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாவது ஷிப்ட். மத்தியானம் கிளம்பினால், பிள்ளைகள் தூங்கின பிறகுதான் வீடு. அதாவது ஆறு மணிக்கு அவள் மேசையில் இருக்க மாட்டாள்.

செய்தி தெரிந்த அன்றே லோர்னா வந்தாள்.

"ஐயோ, பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே ஆர்டிஸ்? நான் வேணா வந்து..."

"வேணாங்க. நான் ஏற்பாடு பண்ணிட்டேன்."

அப்போது அவள் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. சொல்லிவிட்டதற்காகவே செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் வெங்காயத்தை எடுப்பாள். கொத்துக்கறியை வதக்கி, உருளைக்கிழங்கை அரைவேக்காடாக வேகவைத்து வட்டம் வட்டமாக நறுக்கி, பீன்ஸ், காளான் சூப், சீஸ் என்று அடுக்குவாள். ஒன்று அன்றைக்கே சுடச்சுட மேசைக்குப் போகும். மீதி ஐந்தும் திங்கள் முதல் வெள்ளிவரைக்கும். அவளிடம் இருந்தவை இரண்டே பாத்திரங்கள். அதனால் பாத்திரத்தில் முதலில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் அடுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கட்டியானதும் தாளோடு தூக்கிவிடுவாள். பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும். அதைச் சுற்றிக் கட்டி, மேலே வெள்ளை டேப்பில் 'திங்கள்', 'செவ்வாய்' என்று எழுதி நிலவறை ஃப்ரீசரில் அடுக்குவாள். பாத்திரம் அடுத்த செங்கல்லுக்கு.

வெண்டலுக்குப் பாடம் நடந்தது.

"நாலரைக்கு ஓவனைத் திருகு. தாளைப் பிரிச்சு, அப்படியே பாத்திரத்துல வை. உள்ள தள்ளு. ஆறு மணிக்கு எடு. அவ்வளவுதான். முடியுமா?"

"ம்."

டிராக்டர் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவன். ஓவன் குமிழ் அவனை என்ன செய்துவிடும்?

ஆலையில் இடைவேளையின்போது ஆர்டிஸ் சுவரில் இருக்கும் காசு போடும் போனுக்கு ஓடுவாள். கையுறையைக் கழற்றினால் விரல்கள் ஒவ்வொன்றும் வீங்கி, நம்பரைச் சுழற்ற முடியாமல் அடம்பிடிக்கும். யாராவது ஒரு பிள்ளை எடுக்கும்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம்மா."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

அவ்வளவுதான். அது போதும் அவளுக்கு. மீதி நேரம் முழுக்க அந்த ஈரத் தரையில் நின்று, தலைகீழாகத் தொங்கிவரும் வான்கோழிகளின் குடலை உருவிக்கொண்டே, நல்லா இருந்துச்சாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். வீட்டுக்கு வந்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். மிச்சம் என்று ஒரு துண்டு இருக்காது. லைனில் பக்கத்தில் நிற்கிறவளிடம், "எங்க வீட்டுல வழிச்சு நக்கிடறாங்க," என்று பெருமை அடித்துக்கொள்வாள். குளிர்காலம் பூராவும் அந்தப் பெருமையில்தான் அவள் வண்டி ஓடியது.

லோர்னாவும் அவளை விசாரிக்கத் தவறவில்லை. சர்ச் முடிந்து வாசலில் எல்லோரும் கோட்டை மாட்டும்போது, நாலு பேர் காதில் விழும்படி கேட்பாள்.

"பிள்ளைங்க நல்லா சதை போட்டிருக்காங்களே ஆர்டிஸ்! அப்படி என்னதான் போடறே?"

"ஹாட்டிஷ்தாங்க. ஞாயித்துக்கிழமையே செஞ்சு வெச்சிடறேன்."

"அப்படியா! அஞ்சு நாளைக்கும்? உன் சாமர்த்தியம் யாருக்கு வரும்!"

ஆர்டிஸுக்குக் காது சிவந்துவிடும். லோர்னா வாயிலிருந்து பாராட்டு! பதினாலு வருஷம் கழித்து! மிட்ச் மட்டும் ஏனோ தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, ஆலையில் வான்கோழிகளை இழுத்துப்போகும் சங்கிலி அறுந்தது. சரிசெய்ய நாளைக் காலை ஆகும் என்று சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆர்டிஸ் சின்னப் பெண் மாதிரி காரை விரட்டிக்கொண்டு வந்தாள். பனி உருகி ரோடெல்லாம் சேறு. ஆறு மணிக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். எத்தனை மாதம் கழித்து, வேலை நாளில் ஆறு மணிக்கு! பிள்ளைகள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பின்வாசலில் பூட்ஸைக் கழற்றினாள்.

உள்ளே வெண்டல் சிரித்துக்கொண்டிருந்தான். வருஷத்துக்கு மூன்று தடவை சிரிக்கிற மனிதன்.

சமையலறைக் கதவைத் திறந்தாள். மேசை நடுவில் பொன்னிறமாக வறுத்த முழுக்கோழி. கிண்ணத்தில் சாறு. துணிபோட்டு மூடிய கூடையில் அன்றைக்குச் சுட்ட பன். ஆர்டிஸின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஆர்டிஸின் நாற்காலியில் லோர்னா உட்கார்ந்திருந்தாள்.

சிரிப்பு நின்றது. மிட்ச்தான் முதலில் பேசினான்.

"எதையாச்சும் மறந்துட்டுப் போயிட்டியாம்மா?"

டேரின் எழுந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. மாடிப்படிக்குக் கீழே போய், கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களுக்கும் இன்ஷூரன்ஸ்காரனுக்கும் போடுகிற மடக்கு நாற்காலியை எடுத்துவந்து, மேசை ஓரத்தில் விரித்து வைத்தான்.

"உட்காரும்மா."

ஆர்டிஸ் அந்த நாற்காலியைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை தனக்கு விருந்தாளி நாற்காலி போடுகிறான். யாராவது அறைந்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. அவள் உட்காரவில்லை. தொட்டிப் பக்கம் திரும்பினாள். அவளுடைய கண்ணாடிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சாப்பாடே இன்னும் முடியவில்லை. பயன்படுத்தாத பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

"புதன்கிழமை எங்கே?" என்றாள்.

வெண்டல் முள்கரண்டியைப் பார்த்தான். "உட்காரு ஆர்டி. கோழி ஆறிடும்."

"நான் தட்டு எடுத்துட்டு வரேன்," என்று லோர்னா எழுந்து, எந்த அலமாரி என்று தேடாமல் சரியாகத் திறந்தாள்.

"உங்க தட்டு எனக்கு வேணாம்."

"உன் தட்டுதான்மா இது," என்றாள் லோர்னா, தேன் ஒழுக.

"புதன்கிழமை எங்கேன்னு கேட்டேன்."

மிட்சுக்கு ஏழு வயது. அந்த ஊர்க்காரனாக இன்னும் முழுசாக ஆகவில்லை.

"அது அத்தை வீட்டு ஃப்ரீசர்ல இருக்கும்மா. எல்லாக் கிழமையும் அங்கதான் இருக்கு."

ஆர்டிஸ் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். அந்தப் பக்கத்தில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. நேராக நிலவறைக்கு இறங்கி ஃப்ரீசர் மூடியைத் தூக்கினாள். குளிர்காலம் முழுக்க அவள் செய்த ஹாட்டிஷ் எல்லாம் அங்கே இருந்தன. லோர்னா ஒழுங்கானவள். திங்கள் எல்லாம் ஒரு வரிசை, செவ்வாய் எல்லாம் ஒரு வரிசை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை; சாப்பாட்டை வீணாக்குவது பாவமாயிற்றே. அடுத்தவள் பிள்ளைகளை எடுத்துக்கொள்வது மட்டும் பாவக் கணக்கில் வராது போலிருக்கிறது.

ஆர்டிஸ் அங்கே நின்று ஒவ்வொரு போன் பேச்சையும் நினைத்துப் பார்த்தாள். நல்லா இருந்துச்சும்மா. நல்லா இருந்துச்சும்மா. சர்ச் வாசலில், அத்தனை பேர் முன்னால், என்ன போடறே என்று கேட்டது. காது சிவந்து தான் நின்றது. அந்த இடத்தில்தான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு புதன்கிழமையை உருவி எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

யாரும் அசைந்திருக்கவில்லை. ஆர்டிஸ் ஓவனைத் திருகினாள். தாளைப் பிரித்தாள். கட்டி பாத்திரத்துக்குள் டமால் என்று விழுந்தது.

"நான் கிளம்பறேன்," என்றாள் லோர்னா. "நீங்க உங்களுக்குள்ள பேசிக்..."

"உட்காருங்க. சாப்பாட்டு வேளைக்கு வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பற பழக்கம் இந்த வீட்ல கிடையாது."

"நான்தான் கோழி சாப்பிட்..."

"உட்காருங்க."

உறைந்த ஹாட்டிஷ் வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் ஆறு பேரும் அந்தச் சமையலறையில் இருந்தார்கள். ஆர்டிஸ் ஓவன் கதவில் சாய்ந்து நின்றாள். கோழியின் மேல் கொழுப்பு வெள்ளையாகப் படிந்தது.

"நாளைக்கு மழை இருக்காம். ரேடியோல சொன்னான்," என்றாள் லோர்னா கொஞ்ச நேரம் கழித்து.

"சொல்லியிருப்பான்."

"மண்ணுக்கு நல்லது."

"நல்லதுதான்."

"ரொம்பப் பெஞ்சாத்தான் கஷ்டம்."

"கஷ்டம்தான்."

ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிப்பதைவிட மோசமாக இருந்தது அந்தப் பேச்சு. டேரினுக்கு அழுகை முட்டியது. வெண்டல் கோழி எலும்பைத் தட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினான்.

கடைசியில் பாத்திரம் மேசைக்கு வந்தது. மேலே சீஸ் அழகாகச் சிவந்திருந்தது. ஆர்டிஸ் எல்லோர் தட்டிலும் வைத்தாள். லோர்னாவுக்கு இரண்டு கரண்டி கூட. பிறகு தனக்கு வைத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தாள்.

உருளைக்கிழங்கு பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி ஆகியிருந்தது. கடித்தால் தண்ணீர் பீய்ச்சியது. சூப் திரிந்து திப்பிதிப்பியாக நின்றது. கிழங்கின் நிறம் சாம்பல். வாயில் வைத்ததை விழுங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது இதே கை, இதே அடுக்கு, இதே கிழங்கு. அது அமிர்தமாக இருந்ததே! ஃப்ரீசருக்குப் போய் வந்ததை அவள் ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. எப்படி வைப்பாள்? மிச்சம் இருந்தால்தானே? ஹாகன் வீட்டிலும் சரி, அக்கம்பக்கத்திலும் சரி, உருளைக்கிழங்கு குளிர்காலம் முழுக்க நிலவறையில் மரத்தொட்டியில் கிடக்கும். கறியை உறைய வைப்பார்கள், சோளத்தை உறைய வைப்பார்கள். கிழங்கை உறைய வைக்கவேண்டிய அவசியம் ஆலை வேலைக்கு முன்னால் அவளுக்கு வந்ததே இல்லை.

"கிழங்குதான் ஆர்டி," என்றான் வெண்டல். "உறைஞ்சா இப்படி ஆயிடுது. முதல் வாரம் சாப்பிட்டுப் பாத்தோம். நிஜமாவே பாத்தோம்."

"மிட்ச் வாந்தி எடுத்தாம்மா," என்றாள் ரெனே.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? வாய்ல பூட்டா போட்டிருந்துச்சு?"

"நீ வேலைக்குப் போய்ட்டு வந்து கையை வெந்நியில விட்டுக்கிட்டு உக்காந்திருந்தே," என்றான் வெண்டல். ஒரே மூச்சில் அவன் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. "விரலெல்லாம் இப்படி வீங்கியிருந்துச்சு. அப்பப் போய் எப்படிச் சொல்றது? அக்கா வந்து பாத்தா. நான் பாத்துக்கறேன், ஆர்டிஸ் காதுல போட வேணாம்னா."

ஆர்டிஸ் மெதுவாக லோர்னா பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு இந்தக் கிழங்கு விஷயம் முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதவங்க யாரு இருக்காங்க? சர்ச் சமையல்கட்டுல சின்னப் பொண்ணுங்களுக்குக்கூடத் தெரியும். ஃப்ரீசர்ல வெக்கறதா இருந்தா கிழங்கு போடக்கூடாது. அரிசி போடணும்."

"அரிசி."

"ஆமா. அரை வேக்காடா."

"ஒரு வார்த்தை. இந்த ஒரு வார்த்தையை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

லோர்னா கைதுடைக்கும் துணியை நாலாக மடித்தாள்.

"நான் எப்படிம்மா சொல்றது? உன் வீட்டுச் சமையல். அதுல மூக்கை நுழைக்கறதுக்கு நான் யாரு?"

ஆர்டிஸின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஆர்டிஸின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னாள்.

கிழங்கு ஆர்டிஸ் தப்பு. மறுக்கவில்லை. வெண்டல் வாயை மூடிக்கொண்டது கோழைத்தனம், ஆனால் அதில் அன்பு இருந்தது. பிள்ளைகள் பொய் சொன்னது அப்பா சொல்லித்தான். ஆனால் அரிசி என்கிற ஒரு சொல்லைக் குளிர்காலம் முழுக்க நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாளே இந்த அம்மாள்! சொல்லியிருந்தால் அடுத்த திங்கட்கிழமையே எல்லாம் சரியாகியிருக்கும். லோர்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஒற்றைத் தட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். பாவம்தான். நானும் அவளுக்காகப் பரிதாபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. தனியாக இருக்கிறோம் என்று வாசல் கதவைத் தட்டிச் சொல்லியிருந்தால் ஆர்டிஸ் தினமும் ஒரு தட்டு கூட வைத்திருப்பாள். இவள் கேட்கவில்லை, திருடினாள். பாத்திரத்தைக் கழுவி வேறு வைத்தாள்.

ஆர்டிஸ் எழுந்தாள்.

"என் நாற்காலியை விட்டு எழுந்திருங்க," என்றாள்.

மழை, காற்று, மண் எதுவும் முன்னால் வரவில்லை. வெறும் அந்த வாக்கியம். வெண்டல் மூச்சை இழுத்துக்கொண்டான். லோர்னா முகம் வெளுத்து, பிறகு கழுத்திலிருந்து சிவந்தது. எழுந்து ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, நாற்காலி முதுகில் போட்டாள்.

"கோழியை வெச்சுட்டுப் போறேன். பிள்ளைங்க நாளைக்கு..."

"எடுத்துட்டுப் போங்க. உங்க பாத்திரம். அடியில பேர் இருக்கும்."

மறுநாள் மத்தியானம் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஆர்டிஸ் துணிக்கூடைகளோடு லோர்னா வீட்டு வாசலில் நின்றாள்.

"உங்க ஃப்ரீசர்ல என் சாமான் கொஞ்சம் இருக்கு."

எல்லாவற்றையும் காரில் ஏற்றி, தன் நிலவறை ஃப்ரீசரில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். லோர்னா அதோடு விட்டது சனி என்று நினைத்திருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸ் அரிசி வேகவைத்தாள். திங்கட்கிழமை காலையில் பழைய கிழங்கு ஹாட்டிஷ் ஒன்றை எடுத்துத் தன் இரண்டாவது பாத்திரத்தில் வைத்து, ஓவனில் நன்றாகச் சூடாக்கி, துணி போட்டு மூடி, வேலைக்குப் போகிற வழியில் ரோட்டைத் தாண்டிக் கொடுத்தாள்.

"நீங்க ஒண்டியா இருக்கீங்க. ஒருத்திக்காக என்ன சமைக்கறது? சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க."

லோர்னாவால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாசலுக்கு வந்த ஹாட்டிஷை அந்த ஊரில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கொட்டவும் முடியாது. அறுந்த நூலைக்கூடச் சுருட்டி டப்பாவில் போட்டுவைத்த அப்பனின் மகள் அவள். ஐந்து பேர் சாப்பிடுகிற பாத்திரம். ஒற்றை ஆளாகச் சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவி, வெறுமையாகக் கொடுக்கக்கூடாதே என்று உள்ளே லவங்கப்பட்டை ரொட்டி சுட்டு வைத்து, ஆர்டிஸ் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுபடி ஒன்று போயிற்று. பீட்ரூட் ஊறுகாய் வந்தது. இன்னொன்று போயிற்று. எலுமிச்சை கேக் வந்தது. லோர்னாவும் லேசுப்பட்டவள் இல்லை. கேக் ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடப் பிரமாதமாக இருந்தது. பார், உன் பிள்ளைகள் எதை நக்கித் தின்கிறார்கள் பார் என்று சொல்கிற கேக்குகள். பிள்ளைகள் நிஜமாகவே நக்கித்தான் தின்றார்கள். ஆர்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கட்டியை ஓவனில் தள்ளினாள்.

"போதுமே ஆர்டி," என்றான் வெண்டல் ஒருநாள்.

"ஃப்ரீசர்ல இன்னும் இருக்கே. வீணாக்கச் சொல்றியா?"

அவன் பன்றிக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

சர்ச் வாசலில் பாஸ்டரின் மனைவி லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆர்டிஸ் உனக்கு விடாம சமைச்சு அனுப்பறாளாமே! அவ்ளோ வேலைக்கு நடுவுல! இந்த மாதிரி நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் எங்கே பாக்க முடியும்? எப்படி, நல்லா இருக்கா?"

ஆர்டிஸ் கோட்டுப் பொத்தானைப் போடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

லோர்னா தொண்டையைச் செருமினாள். "வித்தியாசமா இருக்கு," என்றாள்.

ஜூன் மாதம், சோளம் முழங்கால் உயரம் வந்த சமயம், ஒரு காலையில் ஆர்டிஸ் கதவைத் திறந்தபோது படியில் பாத்திரம் மட்டும் இருந்தது. உள்ளே கேக் இல்லை. ஊறுகாய் இல்லை. கழுவவில்லை. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கிழங்கு காய்ந்து ஒட்டியிருந்தது. கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் அவள் பெயர் எழுதிய டேப்பை நகத்தால் சுரண்டிக் கிழித்திருந்தது. ஜன்னலில் கல்லெறிந்திருந்தால்கூட அந்த ஊரில் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்காது.

ஆர்டிஸ் படியில் உட்கார்ந்து சிரித்தாள். ஒரு வழியாக அந்தக் குடும்பத்தில் ஒருத்தி மனசில் இருப்பதை அப்படியே சொல்லிவிட்டாள்! பாத்திரத்தை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தாள். கோபம் வந்தால் தேய்க்கிறவள் அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். புது டேப்பை ஒட்டி, பெயரை முன்னைவிடப் பெரிதாக எழுதினாள். ஃப்ரீசரில் மிச்சம் இருந்த கிழங்குக் கட்டிகளைப் பன்றிகளுக்குப் போட்டாள். பன்றிகள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இடைவேளையில் போனுக்கு ஓடினாள். மிட்ச் எடுத்தான்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம்."

"எப்படி இருந்துச்சு?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம். "உப்பு ஜாஸ்திம்மா. அரிசி அடியில பிடிச்சிருந்துச்சு. டேரின் சீஸை மட்டும் உரிச்சு உரிச்சுத் தின்னுட்டான், ரெனே அவனைக் கிள்ளிட்டா. அப்பா ரெண்டு தடவை போட்டுக்கிட்டாரு, ஆனா தண்ணி நிறைய குடிச்சாரு."

அத்தனை மாதமும் கேட்ட அத்தனை நல்லா இருந்துச்சும்மாவையும் சேர்த்துவைத்தாலும் இந்த ஒரு புகாருக்கு ஈடாகாது. தன் சாப்பாட்டைத் தன் பிள்ளை குறை சொல்கிறான். சாப்பிட்டவன்தான் குறை சொல்ல முடியும். போனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவள், "சீக்கிரம் முடிம்மா," என்று அவசரப்படுத்தினாள்.

"நாளைக்கு உப்பைக் குறைக்க முடியாதுடா. வெள்ளிவரைக்கும் ஒரே உப்புதான். அடுத்த வாரம் குறைக்கிறேன்."

"சரி."

போனை வைக்கப் போனவள், வைக்காமல் கேட்டாள்.

"மிட்ச், என் நாற்காலியில யாரு உக்காந்திருக்கா?"

"யாருமில்ல. அதுல யாரும் உக்காரக்கூடாதுன்னு ரெனே சொல்லிட்டா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பூனை மட்டும் உக்காந்திருக்கு. அப்பாகிட்டச் சொல்லாத."

"பூனை உக்காரட்டும்," என்றாள் ஆர்டிஸ். போனை வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு வான்கோழிகளிடம் திரும்பிப் போனாள்.